கடற்கரையில் எறும்பு இல்லை

ஆஸ்பத்திரி மேட்டிலிருந்து கைவண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தேன். வண்டியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவர் இடது காலில் சுற்றியிருந்த துணி நனைந்துபோய், அதன் வாடை எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. எதிரே வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். அண்ணனுக்கு அது தெரியவில்லை. கண் முக்கால்வாசி போயிருந்தது.

"மெதுவாடா. இறக்கத்துல விட்டுட்டு ஓடிறாத."

"ஓடணும்னா நேத்தே ஓடியிருப்பேன்."

"செய்வே. ஊர் ஊரா ஓடுன காலுதானே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்று சற்று முன்புதான் மேலே டிரசர் சொல்லியிருந்தார். புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர், தமிழர். எடுக்காவிட்டால் அழுகல் உடம்புக்கு ஏறும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது என்று நேராகவே சொன்னார். அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காலை எடுத்தா கண்ணு வருமா?"

"வராது."

"அப்ப காலாவது இருக்கட்டும்."

வீட்டுக்குக் கொண்டுபோ என்று என்னிடம் சொன்னார். கொண்டுபோனேன்.

அவர் எனக்கு உறவில்லை. ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறான் என்று கேள்விப்பட்டு எஸ்டேட்டை விட்டுக் கிளம்பியவன் நான். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன எனக்கு எந்த ஊரும் ஒன்றுதான். மலாக்காவுக்கு வந்தபோது, காஜா பெராங்கில் இவர் உப்புக் காய்ச்ச ஒரு ஆள் தேடிக்கொண்டிருந்தார். கடையில் உப்பு கிடைக்காத காலம். லிம்போங்கான் கடற்கரையில் பள்ளம் தோண்டி நெருப்பு மூட்டி, மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி விரித்த தட்டுகளில் கடல் தண்ணீரைக் காய்ச்சுவோம். உப்பைக் கொடுத்து மரவள்ளிக்கிழங்கு வாங்குவோம். படுக்க எனக்கு அவர் வீட்டின் முன்பக்கம். சாப்பாடு, அதாவது கிழங்கு, அண்ணியின் கையால்.

யுத்தத்துக்கு முன் அவர் பண்டார் ஹிலிரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அப்போதே இனிப்புநீர் வியாதி வந்துவிட்டது. கொல்லையில் அவர் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்த்ததை முதலில் பார்த்தது அண்ணிதான். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். ஜப்பான்காரன் வந்ததும் ஊசி மருந்து வருவது நின்றது. கடைகளில் சீனியும் நின்றது.

இரண்டையும் சேர்த்து அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். சீனியால் வந்த வியாதி, சீனியே இல்லாத ஊரில் எப்படி இருக்கும்? "வெள்ளைக்கார டாக்டரால முடியாததை ஜப்பான்காரன் செஞ்சுட்டான்" என்பார், வெறுங்காப்பியைக் குடித்துக்கொண்டே. அத்தாட்சியும் வைத்திருந்தார். பகல் முழுக்கக் கடற்கரையில்தான் இருப்போம். அடிக்கடி தள்ளிப் போய் ஒதுங்கிவிட்டு வருவார். "போய்ப் பாரு, ஒரு எறும்பு இருக்கா?" என்பார். இருக்காது. அலை வந்து நனைத்துவிட்டுப் போகும் மணலில் எறும்புக்கு என்ன வேலை? அது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. வீட்டில் இருந்தாலும் பின்னால் ஓடும் வாய்க்காலுக்குத்தான் போவார்.

உடம்பு இளைத்தது. ஊரே இளைத்திருந்தது. தாகம் என்றார். நெருப்பருகே நிற்பவனுக்குத் தாகம் எடுக்காதா? பசி என்றார். யாருக்குத்தான் பசியில்லை? கிழங்கில் தித்திப்பு இல்லையே என்று நம்பி, அண்ணி தன் பங்கையும் எடுத்து அவர் தட்டில் வைத்தார். அந்தக் கிழங்கு உடம்புக்குள் போனால் சீனியாகத்தான் மாறும் என்பதை, நான் கிழவனான பிறகு என் ரத்தத்தைச் சோதித்த நர்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அண்ணி அதைத் தெரிந்துகொள்ளாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மட்டில் நல்லது.

முதலில் செருப்புதான் காட்டிக்கொடுத்தது. ஒருநாள் சாயங்காலம் ஒற்றை டயர்ச் செருப்போடு வாசலில் வந்து நின்றார். மற்றது எங்கே கழன்று விழுந்தது என்று அவருக்கே தெரியாது. காலில் பஞ்சைக் கட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கிறது என்றார். அப்புறம் கண். தட்டில் உப்பு ஆடை கட்டும் நேரம் பார்த்து நெருப்பைத் தணிக்க வேண்டும், தவறினால் தகரத்தோடு தீய்ந்து ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தை என்னிடம் கேட்க ஆரம்பித்தார். கண்ணுக்குள் ஒட்டடை தொங்குகிறது என்று, முகத்துக்கு முன்னால் கையை வீசி வீசித் தள்ளுவார்.

ஜப்பான் சிப்பாய் காவல் நிற்கும் முனையில் எல்லோரும் குனிந்து வணக்கம் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒருநாள் சிப்பாய் நிற்பது தெரியாமல் போய் அறை வாங்கினார். அன்றிலிருந்து நெட்டையாக எது நின்றாலும் குனிந்துவிடுவார். நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா சிட்டி கம்பத்துக்காரர், தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன தமிழ் வம்சம். கும்பிடுவது நம் மாரியம்மனை, பேசுவது மலாய். தன் வாழைமரத்துக்கு அண்ணன் வணக்கம் வைப்பதைப் பார்த்துவிட்டு, "அடூ, பீசாங் பூன் டாப்பாட் தாபே!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாழைக்குக்கூட மரியாதை கிடைக்கிறதே என்று அர்த்தம்.

"சிரிங்க, சிரிங்க," என்றார் அண்ணன். "கும்பிட்டா ஒண்ணும் குறையாது. கும்பிடாட்டிதான் பல்லு குறையும்."

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, காய்ச்சிக்கொண்டிருக்கும்போது மூக்கை உறிஞ்சினார்.

"யார்ரா கருவாடு சுடுறா?"

எனக்கும் வாடை வந்தது. சுற்றிப் பார்த்தேன். கரையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. பள்ளத்திலிருந்து சரிந்து கிடந்த கங்கின் மேல் அவருடைய இடது கால் நின்றுகொண்டிருந்தது. பிடித்து இழுத்துப் போட்டேன். அவர் காலைத் திருப்பிப் பார்த்தார், பிறகு தடவினார். "வலிக்கவே இல்லடா," என்றார். அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. வலிக்காத புண் பெரிய புண்ணா என்ன?

அண்ணி மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வைத்துக் கட்டினார். வலிக்காததால் அவர் மறுநாளே வேலைக்கு வந்தார். அந்தக் காலோடு கடல் தண்ணீரில் இறங்கினார், விறகு சுமந்தார். வலித்திருந்தால் வீட்டில் உட்கார்ந்திருப்பார். வலி போக வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொள்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் அவர் நினைவுதான்.

கைவண்டியை வாசலில் நிறுத்தியபோது அண்ணி வெளியே ஓடி வந்தார்.

"என்ன தம்பி, ஆஸ்பத்திரியில எடம் இல்லியா?"

"எடம் இருக்கு அண்ணி. காலை எடுக்கணுமாம். அண்ணன் மாட்டேன்னுட்டாரு."

அண்ணி அவர் தோளைத் தாங்கிப் பிடித்தார். அவரை முன்பக்கத்துப் பலகையில் படுக்க வைத்தோம். வாய்க்கால்வரை நடக்க முடியாததால், ஒதுங்குவதற்கு அண்ணி ஒரு பழைய பால் டின்னைக் கொடுத்தார். அதை அவர் பலகைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

வெயில் சாயும்போது பெருக்க வந்த அண்ணி துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டார். பால் டின்னைச் சுற்றி எறும்பு. விளிம்பு கறுத்துக் கிடந்தது. சுவரோரமாக இன்னும் வந்துகொண்டிருந்தது.

"எறும்பு வந்திருக்கு," என்றார்.

"என்னாது?"

"உங்க டின்னுல எறும்பு."

"பொய் சொல்ற. காலை வெட்ட வைக்கிறதுக்குப் பொய் சொல்ற."

அண்ணி அவர் கையைப் பிடித்து இழுத்து டின் விளிம்பில் வைத்தார். விரல்மேல் எறும்பு ஏறியது. கடித்ததையும் நான் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றுமில்லை. விரலும் மரத்துப்போயிருந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அண்ணி ஒரு எறும்பை எடுத்து அவர் கழுத்தில் விட்டார். அண்ணன் பட்டென்று அடித்தார். நசுங்கியதை முகர்ந்து பார்த்தார்.

"அப்ப அது போகவே இல்லியா?" என்றார்.

அண்ணி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனார். அழுதிருப்பார்.

"காலையில கூட்டிட்டுப் போடா," என்றார் அண்ணன் என்னிடம்.

காலையில் திரும்ப அதே மேட்டில் தள்ளிக்கொண்டு ஏறினேன். ஏற்றத்தில் அவர் கனமே இல்லை. டிரசர் எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. அவரை உள்ளே கொண்டுபோகச் சொல்லிவிட்டு என் தோளைப் பார்த்தார்.

"தம்பி, இங்க தூக்கப் பிடிக்க ஆள் இல்ல. பாதிப் பேர் ஓடிட்டாங்க. ஒருவேளைக் கஞ்சி கிடைக்கும். சயாமுக்குப் பிடிக்கிறவனும் ஆஸ்பத்திரி ஆளைத் தொட மாட்டான். வர்றியா?"

"என்ன வேலை?"

"இப்போதைக்கு, உன் அண்ணன் காலைப் பிடிக்கிற வேலை."

சரி என்றேன்.

ஊசி மருந்து இல்லாத காலத்தில் வெட்டிய காயம் ஆறவில்லை. அண்ணன் யுத்தம் முடியும்வரை இருக்கவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலைப்பொழுதோடு நிறுத்திக்கொள்ளத்தான் எனக்கு விருப்பம்.

மேசையில் படுக்க வைத்திருந்தார்கள். மயக்க மருந்து கொஞ்சம்தான் இருந்தது. நான் கால்மாட்டில் நின்று இடது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மருந்துத் துணி மூக்குக்கு வரும் முன்னே அவர் தலையைத் தூக்கினார்.

"பிடிச்சுட்டியாடா?"

"பிடிச்சிருக்கேன் அண்ணே."

"தெரியலியே," என்றார்.

இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.