பூட்டச் சொன்ன கேள்வி

மாதாப்பூரில் மென்பொருள் சோதிப்பது பகவதிக்கு வேலை. இணையத்தில் ஒரு தமிழ் இயற்பியல் குழுவை நடத்துவது ஆசை. “ஒளியைவிட வேகமாப் போனா கண்ணாடியில என் முகம் தெரியுமா?” என்று உப்பலிலிருந்து ஜகதீசன் கேட்டதும், “அபத்தம், யாரும் பதில் போடாதபடி இந்தக் கேள்வியைப் பூட்டுங்க” என்று குழுவே கிண்டலடித்தது. அந்தக் கிண்டல்தான் பகவதிக்கு எரிச்சலூட்டியது. அலுவலகத்தில் அரைகுறைப் புகாரைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவதுபோல அவருக்கு எழுதினாள்: “ஒளியைவிட வேகமா எதுவும் போக முடியாதுங்கறது விதி. அதை மீறினா என்ன ஆகும்னு அந்த விதிகிட்டயே கேக்க முடியாதுங்க. அதுக்குள்ள நின்னு கேளுங்க.”

ஜகதீசன் முறுக்கிக்கொண்டு போனார். மறுநாள் திரும்பி வந்தார். “சரிங்க, ஒளியைவிடத் துளி கம்மியான வேகத்துல போனா?”

பூட்டச் சொன்னவர்கள் ஆளுக்கொரு விடை சொல்லி மோதிக்கொண்டார்கள். சீரான வேகத்தில் போகிறவனுக்குத் தன் முகம் வழக்கம்போலவே தெரியும் என்று கடைசியில் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜகதீசன்தான்.

இப்போது பகவதி பூட்டினாள். பூட்டக் காரணம் கேட்டுத் திரையில் வந்த கட்டத்துக்குள், ‘விடை கிடைத்துவிட்டது’ என்று எழுதினாள்.