யாகோப்பர் உப்புப் போட்ட ஒட்டகச்சிவிங்கி

ஜெர்மனியின் ஹனோவரில், ஊர்விட்டு வந்த எங்கள் தமிழ் ஆட்கள் பார்க்காத வேலை இல்லை. கோப்பை கழுவுவார்கள், கண்ணாடி துடைப்பார்கள், பேப்பர் போடுவார்கள். ஆனால் யாகோப்பர் பார்த்த வேலையை வேறு எவரும் பார்த்ததில்லை. மனிதர் வண்டுகளுக்குச் சாப்பாடு போட்டார்.

நூதனசாலை ஒன்றின் பின்பக்கம், செத்த மிருகங்களின் எலும்பைத் துப்புரவாக்கிக் காட்சிக்குப் பொருத்துகிற பட்டறை இருந்தது. அங்கே கூட்டித் துடைக்கப் போனவர்தான். ஒருநாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கறுத்த வண்டுகள் ஒரு நரித்தலையைத் தின்று, எலும்பை வெள்ளையாக விட்டிருந்ததைக் கண்டு நின்றுவிட்டார். அவருடைய கடற்கரை ஊரான பாசையூரில் கருவாட்டுக்குள் புகுந்து நாசமாக்குகிற அதே வண்டு! அங்கே நசுக்கினதை இங்கே சம்பளம் கொடுத்து வளர்க்கிறார்கள். "எழும்புங்கோ பிள்ளையள், சாப்பாடு!" என்று அவர் தமிழில் கூப்பிட்டு இறைச்சி வைத்ததைப் பட்டறைப் பொறுப்பாளர் லின்டமன் என்ற பெண்மணி பார்த்தார். கூட்டுகிற தும்புத்தடியை வாங்கிக்கொண்டு பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து ட்ராமில் யாகோப்பருக்குப் பக்கத்துச் சீற் காலிதான். மணம் அப்படி. மனிதர் கவலைப்படவில்லை, காலை நீட்டிக்கொண்டு வருவார்.

உலகக்கிண்ணப் பந்தாட்டம் ஜெர்மனியில் நடந்த கோடையில் வந்தது வில்லங்கம். மிருகக்காட்சிசாலையில் கிழடாகிச் செத்த ஒட்டகச்சிவிங்கி ஒன்று பட்டறைக்கு வந்தது. ஆபிரிக்க வெளியில் ஒரு பெரிய மிருகம் செத்தால் அதற்கு என்ன நடக்கும் என்று காட்டுகிற கண்காட்சிக்கு அதன் எலும்பு வேண்டும். அதன் கால் ஒன்றைத் தோலுரித்து, வண்டுகளுக்கு என்று மேசையில் வைத்திருந்தார்கள். குளிர்ப்பெட்டிக்குள் கழுத்து கிடந்தது; காலுக்கு இடமில்லை. எல்லோரும் பந்தாட்டம் பார்க்கப் போய்விட்டார்கள். வெக்கையில் ஓர் இலையான் ரீங்காரித்துக்கொண்டு பறந்து வந்து இறைச்சியில் குந்தியது. யாகோப்பரின் கை தன்பாட்டில் வேலை செய்தது. பக்கத்தில், தோல் பதனிட வைத்திருந்த உப்பு மூட்டை. அள்ளித் தேய்த்தார். நல்லாகத் தேய்த்தார்.

மறுநாள் ஒட்டகச்சிவிங்கியின் காலைப் பெட்டிக்குள் இறக்கினார். வண்டுகள் கிட்டப் போயின, திரும்பின, மூலையில் ஒதுங்கிக் கிடந்தன. அடுத்த நாளும் அதே கதை.

"நோய் பிடித்துவிட்டது. மற்றப் பெட்டிகளுக்கும் தொற்ற முதல் இவற்றைக் குளிரில் போட்டுக் கொல்லத்தான் வேண்டும்," என்றார் லின்டமன். வண்டுகளைச் சாகவிட்டவர் என்று பெயர் வந்தால் யாகோப்பருக்குத் திரும்பவும் தும்புத்தடிதான். அதைவிட, பிள்ளைகள் போல வளர்த்ததுகள்.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி கொறற்றி பார்த்தாள்.

"என்னப்பா, முகம் ஊதிக் கிடக்கு? உங்கடை பிள்ளையளுக்குக் காய்ச்சலோ?"

"பகிடி விடாதை. ரெண்டு நாளா வாயிலை வைக்குதுகள் இல்லை. அந்த லின்டமன் மனுசி கொல்லப் போறாவாம்."

"இறைச்சி பழுதாப் போச்சோ?"

"ஏன் பழுதாகுது? நல்லா உப்புத் தேச்செல்லோ வைச்சனான்."

கொறற்றியின் அகப்பை அந்தரத்தில் நின்றது.

"என்ன தேச்சனீங்கள்?"

"உப்பு."

"வண்டு வரக்கூடாதெண்டு கருவாட்டுக்கு என்னப்பா போடுறது?"

யாகோப்பர் சோற்றுக் கையாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டார். கொறற்றி குசினி நிலத்தில் குந்தியே விட்டாள், சிரிப்புத் தாங்காமல்.

"மாதாவே! ஒட்டகச்சிவிங்கியிலை கருவாடு போட்ட ஆள் உலகத்திலை நீங்கள் ஒராள்தான்!"

"சிரியாதை. இப்ப என்ன செய்யிறது?"

"குழம்பு வைக்க முதல் நான் என்ன செய்யிறனான்? ஊறப் போடுங்கோ, தண்ணியை மாத்தி மாத்தி ஊத்துங்கோ, பேந்து உலர விடுங்கோ."

களவாக ஊறப் போட ஏலாது. ஒட்டகச்சிவிங்கியின் கால் எந்த வாளிக்குள் அடங்கும்? விடிந்ததும் தன்னுடைய அரைகுறை டொச்சில், அதுதான் ஜெர்மன் பாஷையில், லின்டமனிடம் சொன்னார்: "வண்டுக்கு நோய் இல்லை. நோய் எனக்கு. உப்பு நான்."

லின்டமனின் முகம் சிவந்தது. பிறகு உதடு துடித்தது. பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உப்போ நோயோ, தின்றால்தான் நம்புவேன்," என்று சட்டைக் கையை மடித்து, கால் தூக்க வந்தார்.

தொட்டியில் கால் ஊறுகிற நேரம் யாகோப்பருக்குக் கண்காட்சிப் படங்களை விரித்துக் காட்டினார். சிங்கம் வயிற்றைக் கிழிக்கிறது. கழுகுக் கூட்டம் தலையைக் கழுத்துவரை உள்ளே விட்டுத் தின்கிறது. கழுதைப்புலி எலும்பையே நொறுக்குகிறது. மிச்சத்தில் புழு நெளிகிறது. காய்ந்த தோலும் நரம்பும் வண்டுக்கு. ஊறி இறங்கினது மண்ணுக்கு. கடைசிப் படத்தில் மழை பெய்து, அந்த இடத்துப் புல் மட்டும் கொழுத்து நிற்க, ஒரு மான் மேய்கிறது.

"அங்கே உப்புப் போட ஆள் இல்லை," என்றார் லின்டமன்.

"அதுதான் எல்லாம் ஒழுங்கா நடக்குது," என்றார் யாகோப்பர்.

கால் உலர்ந்ததும் பெட்டிக்குள் வைத்தார். அசைவில்லை. செபமாலையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். பாதிச் செபத்தில் ஒரு சத்தம். சோளம் பொரிகிற மாதிரி, முதலில் ஒன்றிரண்டு, பிறகு சடசடவென்று. நூற்றுக்கணக்கான வாய்கள்!

"பிறவு லின்டமன்! தின்னுதுகள்! தின்னுதுகள்!"

பிறவு, அதாவது அம்மணி, என்பது மட்டும் டொச்; மிச்சத்தைத் தமிழில்தான் கத்தினார். அந்த மனுசிக்கு விளங்கிவிட்டது. இருவரும் கண்ணாடியில் காதை வைத்துக்கொண்டு நின்றார்கள், ஏதோ பாட்டுக் கச்சேரி கேட்கிறவர்கள் போல.

கண்காட்சி திறந்த அன்று கொறற்றி பட்டுச்சேலையில் வந்தாள். ஒட்டகச்சிவிங்கி வெள்ளை வெளேரென்று, கூரையைத் தொடுகிற மாதிரி நின்றது. அந்தக் காலை மேலும் கீழும் பார்த்துவிட்டு யாகோப்பரின் காதுக்குள் கேட்டாள்:

"இஞ்சருங்கோ, உப்பு இப்ப அளவா இருக்கோ?"

யாகோப்பர் வெடித்துச் சிரித்தார். "என்ன சொல்கிறார்?" என்று லின்டமன் ஓடிவந்தார். அதை டொச்சில் சொல்லி முடிப்பதற்குள், மூன்று பேரின் சிரிப்பிலும் மண்டபமே திரும்பிப் பார்த்தது.