வெல்டரும் நர்சம்மாவும்

எங்கள் பல்கலைக்கழகத்தின் விளம்பரப் புத்தகத்தில் ஒரு பெண் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையிலிருக்கும் குடுவையில் நீலத் தண்ணீரை வியந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பொருள் அறிவியலும் உயிர்மருத்துவப் பொறியியலும் ஒரே பட்டத்தில் என்று அதற்குக் கீழே தங்க எழுத்தில் போட்டிருந்தது. நான் அதை நம்பித்தான் சேர்ந்தேன். சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டேன். அட்மிஷன் ஆபீஸில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அதுவா? அது இங்க் கலந்த தண்ணிம்மா. போட்டோ எடுக்க வந்தவரே கலந்து குடுத்தாரு" என்று சிரித்தாள்.

அந்த வளாகத்தில் அவ்வளவு நேராக எனக்குப் பதில் சொன்னவர்கள் மிகக் குறைவு.

வளாகம் பெங்களூரில், வைட்ஃபீல்டைத் தாண்டி இருந்தது. மர்பி டவுனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அல்சூருக்கு நடந்து, மெட்ரோ பிடித்து, இறங்கி, மறுபடி ஒரு பஸ். உலோகங்களைப் பற்றிய வகுப்புகள் வளாகத்தின் ஒரு கோடியில் நடக்கும், உடம்பைப் பற்றியவை மறு கோடியில். நடுவில் ஒரு கிரிக்கெட் மைதானமும், வேலை செய்யாத ஒரு செயற்கை அருவியும். ஒரு வகுப்பு முடியும் நிமிடத்தில்தான் மறு வகுப்பு தொடங்கும். நாங்கள் பன்னிரண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் குறுக்கே ஓடுவோம். இரண்டு துறைகளும் இணைந்திருந்தது எங்கள் கால்களில் மட்டும்தான்.

மூச்சு வாங்கிக்கொண்டு உலோகக் கட்டடத்தில் நுழைந்தால், "வாங்க நர்சம்மா" என்பார் ஒரு பேராசிரியர். பையன்களையும் அப்படித்தான் கூப்பிடுவார். மறு கோடிக்குப் போனால், "வெல்டர் பேட்ச் வந்தாச்சு" என்று வரவேற்பார்கள். இந்தப் பக்கம் ரயில் தண்டவாளம் எப்படி விரிசல் விடும் என்று நடத்தினார்கள். அந்தப் பக்கம் எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். எலும்பு எப்படி விரிசல் விடும் என்று ஒருமுறை கேட்டேன்.

"அது பயோமெடிக்கல்ல வரும்" என்றார் உலோகக்காரர்.

"அது உங்க மெட்டீரியல்ஸ் போர்ஷன் இல்லியா?" என்றார் அந்தப் பக்கத்து அம்மையார்.

இருவரும் நல்ல சம்பளம் வாங்கினார்கள். அறியாமையைக்கூட எல்லை பிரித்து வைத்துக்கொண்டு, அவரவர் பங்கைப் பத்திரமாகக் காவல் காத்தார்கள்.

இந்தப் படிப்பை நான் ஏன் எடுத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளியில் படித்தபோது, கேப் ஓட்டும் என் அப்பாவை பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு லாரி இடித்தது. கணுக்கால் நொறுங்கிவிட்டது. தகடு வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். எலும்பு கூடி, நடந்து, வண்டி ஓட்டத் தொடங்கிய பிறகு அந்த ஸ்க்ரூ ஒன்று உள்ளே குத்த ஆரம்பித்தது. அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன். முதல் ஆபரேஷனை வீடு தாங்கியது, இரண்டாவதைத் தாங்கவில்லை. அப்பாவின் இடத்துக்கு வேறு டிரைவரைப் போட்டுவிட்டார்கள். கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு அவர் ஒருநாள் கேட்டார்: "எலும்பு சேர்ந்த அப்புறம் உள்ளயே கரைஞ்சி போறா மாரி ஒண்ணு பண்ண மாட்டானுங்களா?"

செய்கிறார்கள் என்று பிறகு படித்தேன். மெக்னீசியத்தில். இன்னும் முழுதாகக் கைகூடவில்லை என்றும் படித்தேன். அதனால்தான் கடைசி வருடத் திட்டத்துக்கு அதையே எடுத்தேன்.

எனக்குத் துணையாக ஒரு பையனைப் போட்டார்கள். வைட்ஃபீல்டில் வாசலில் காவல் போட்ட அடுக்ககத்தில் வீடு. அப்பா அம்மா இருவரும் திருச்சியிலிருந்து வந்து ஐடியில் இருப்பவர்கள். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருப்பதற்குக்கூடக் கொஞ்சம் முயற்சி வேண்டும், அவனிடம் அது இல்லை. "நீ லேப் பாத்துக்கோ, நான் பிரசன்டேஷன் பாத்துக்கறேன்" என்று முதல் நாளே வேலையைப் பிரித்துவிட்டான். எலும்புக்குள் ஸ்க்ரூ இறங்கி, பனிக்கட்டி மாதிரி கரைந்து, அந்த இடத்தில் ரோஜா நிற எலும்பு வளரும் ஓர் அசைபடத்தை வாரக்கணக்கில் செய்துகொண்டிருந்தான். அழகாகத்தான் இருந்தது. அதில் வரும் எதுவும் நடக்கவில்லை என்பதுதான் குறை.

நான் லேபில் இருந்தேன். அங்கே ஒரு பெரிய எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் உண்டு. ஆயுத பூஜைக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, மறுபடி பிளாஸ்டிக் உறையால் மூடிவிடுவார்கள். மேலிடத்திலிருந்து யாராவது பார்வையிட வந்தால் உறை கழலும். மற்ற நாட்களில் எனக்குக் கிடைத்தது உப்புத்தாளும் ஒரு வெல்வெட் துணியும்தான். மெக்னீசியத் துண்டுகளை ரெசினில் பதித்து, சொரசொரப்பான தாளிலிருந்து மெல்லிய தாள்வரை மாற்றி மாற்றித் தேய்ப்பேன். தண்ணீர் பட்டால் அது அரிக்க ஆரம்பிக்கும் என்பதால் ஸ்பிரிட் ஊற்றித்தான் தேய்க்க வேண்டும். நகமெல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். பிறகு உடம்பின் நீரைப் போன்ற உப்புக்கரைசலில், உடம்பின் சூட்டில், அந்தத் துண்டுகளை ஊறவைத்து எவ்வளவு கரைகிறது என்று பார்ப்பேன்.

கரைந்தது. அநியாயத்துக்குக் கரைந்தது. எலும்பு கூட மாதங்கள் ஆகும். அதே உலோகத்தில் கடைந்த எங்கள் ஸ்க்ரூ இரண்டு வாரத்தில் பல்லெல்லாம் மழுங்கி, கடித்துத் துப்பிய கரும்புச் சக்கை மாதிரி ஆகிவிட்டது. கரையும்போது குமிழ் குமிழாக ஹைட்ரஜன் வாயு வந்தது. அது உடம்புக்குள் வந்தால் தசைக்கடியில் போய்ச் சேர்ந்து வீங்கும். தோல்விதான், ஆனால் உருப்படியான தோல்வி. எந்தப் பூச்சு பூசினால் எவ்வளவு தாமதமாகும் என்று எனக்கு ஓரளவு பிடிபடத் தொடங்கியிருந்தது.

இந்தப் பட்டத்துக்கென்று ஒரு கோஆர்டினேட்டர் இருந்தார். தமிழ்நாட்டுக்காரர். என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார். திட்டுவதற்கு மட்டும் தமிழ் வரும். நான் கொண்டுபோன முடிவுகளைப் பார்க்காமலே, அடுத்த வாரம் கண்காட்சி நடக்கப்போகிறது, பெரிய எலும்பு மருத்துவர் ஒருவர் சிறப்பு விருந்தினராக வருகிறார், எங்கள் ஸ்க்ரூதான் முதல் மேசையில் இருக்கும் என்றார். இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன பாக்கெட்டை எடுத்து நீட்டினார். உள்ளே கடையில் வாங்கிய டைட்டேனியம் ஸ்க்ரூ, பளபளவென்று.

"இத பீக்கர்ல போட்டு வை."

"சார், இது கரையாது."

"அதனாலதான் தர்றேன். கண்காட்சி முழுக்க அழகா இருக்கணும்ல?"

அருகில் நின்ற என் கூட்டாளி, "சூப்பர் சார்" என்றான்.

கண்காட்சி அன்று காலையில் அந்த டைட்டேனியத்தைப் பாக்கெட்டோடு பைக்குள் போட்டுக்கொண்டு, நான் செய்த ஸ்க்ரூவைப் பீக்கரில் போட்டேன். வீரமெல்லாம் இல்லை. நகத்தில் சாம்பல் ஏற நான் தேய்த்தது ஒரு பொருள், மேசையில் இருக்கப்போவது இன்னொன்று என்பதை நினைத்தாலே உடம்பெல்லாம் எரிந்தது. விருந்தினர் வரும்போது பீக்கர் சோடா பாட்டில் மாதிரி நுரைத்துக்கொண்டிருந்தது.

கோஆர்டினேட்டர் பார்த்தார். ஒரு நொடி முகம் செத்துப் போனது. அடுத்த நொடியே, பார்த்தீர்களா, இது ஆக்சிஜனை வெளியிடும் ஸ்க்ரூ, எலும்பு வேகமாக வளர உதவும், உலகத்திலேயே புதிது என்று ஆங்கிலத்தில் பொழிந்தார். அந்த வேகத்தை மட்டும் நான் மெச்சத்தான் வேண்டும். பின்னால் நின்ற டீன் கை தட்டினார். டீன் தட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் வேதியியல் படித்தவர்கள் பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். தட்டிய கைகளில் அவர்களுடையவையும் இருந்தன.

"ஹைட்ரஜன், சார்" என்றேன். கைதட்டல் அடங்கியிருந்ததால் நன்றாகவே கேட்டது. "ரெண்டு வாரத்துல கரைஞ்சிடும். எலும்பு அதுக்குள்ள சேராது."

எல்லோரும் அந்த மருத்துவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவருக்குத் தெரியும், ஆயிரம் எலும்பைத் திறந்து பார்த்த மனிதர். ஏதாவது கேட்பார், எவ்வளவு வாயு, என்ன பூச்சு என்று. அதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. அவர் பீக்கரை ஒருமுறை பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நல்லதுதானேம்மா? சீக்கிரம் கரைஞ்சா பேஷன்ட் திரும்ப நம்மகிட்டதான வரணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். என் கூட்டாளி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். டீன் மருத்துவரின் முதுகைத் தொட்டு அடுத்த மேசைக்கு அழைத்துப் போனார். திரும்ப வந்த பேஷன்ட் ஒருவரை எனக்குத் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர்கள் ஏதோ ஒரு செயற்கைக் கையோடு கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். அதுவரை அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் எனக்குக் கோபம் இருந்தது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு கோபம் போய்விட்டது. கோபப்படுவதற்கு எதிராளியைக் கொஞ்சமாவது மதிக்க வேண்டும்.

மாலையில் கோஆர்டினேட்டர் கூப்பிட்டு அனுப்பினார். தமிழில்தான் ஆரம்பித்தார்.

"உன்ன நீ யாருன்னு நெனச்சிட்டிருக்க?"

"அது ஹைட்ரஜன்தான் சார்."

"எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும். வந்தவங்களுக்குத் தெரியணும்னு என்ன அவசியம்?" கொஞ்ச நேரம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கேர்ந்து வர்ற நீ?"

"மர்பி டவுன் சார்."

"அதான்" என்றார்.

அந்த 'அதான்' எனக்குப் புதிதில்லை. கூலி வேலைக்கு வந்த தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் எங்கள் பகுதியின் பெயரைச் சொன்னால் பெங்களூரில் பல பேர் வாயில் வரும் சொல் அது. ஆனால் சொல்லிவிட்டு அவர் உடனே கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார், என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள இனி ஒன்றும் பாக்கி இல்லை என்பதுபோல. திட்ட அறிக்கையில் குமிழியை ஆக்சிஜன் என்று எழுதிக் கொடு, இதை இத்தோடு விட்டுவிடலாம் என்று திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

நான் ஹைட்ரஜன் என்றே எழுதினேன். என் கூட்டாளி தனி அறிக்கை கொடுத்தான். ஒரே பீக்கரிலிருந்து அவனுக்கு ஆக்சிஜன் வந்தது, எனக்கு ஹைட்ரஜன். இரண்டு அறிக்கைகளையும் ஒரே மேசையில் வைத்து ஒரே ஆள் திருத்தினார். அவனுக்கு முதல் கிரேடு. எனக்கு, தேறிவிட்டேன் என்று சொல்லும் அளவுக்கு மட்டும் ஒன்று.

"சாரி, நான் உன் பேரையும் போடச் சொன்னேன்" என்றான் அவன், கேன்டீனில்.

"எதுல?"

"ஆக்சிஜன்ல."

உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னான். பாதி வடையை என் பக்கம் தள்ளினான். அவனைத் திட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை. அந்த வருடமே அவன் ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போய்விட்டான்.

வீட்டில் சொன்னபோது, அம்மா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

"சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கினு போனா இன்னாடி? நாலு வருஷம் படிச்சிட்டு ஒரு வார்த்தைக்கா மார்க்க வுட்டுட்டு வருவ?"

"ஒரு வார்த்தை இல்லம்மா. ஒரு வாயு."

"இன்னா எழவோ."

அப்பா மட்டும், "கரைஞ்சிதா?" என்று கேட்டார்.

"கரைஞ்சிது. ரொம்ப சீக்கிரமா."

"சீக்கிரமா கரையறத மெதுவா கரைய வெக்கறதுதான பாக்கி?" என்றார். என் திட்டத்தைப் பற்றி யாராவது கேட்ட ஒரே அறிவுள்ள கேள்வி அது.

வேலை தேடியபோதுதான் பட்டத்தின் முழு அழகும் தெரிந்தது. உலோகக் கம்பெனிக்காரர்கள், நீங்கள் மருத்துவப் பக்கம் இல்லையா என்றார்கள். மருத்துவக் கருவிக் கம்பெனிக்காரர்கள், நீங்கள் மெட்டலர்ஜி இல்லையா என்றார்கள். ஒருவர் என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது ஆன்லைன் கோர்ஸா என்று கேட்டார். கடைசியில் பீன்யா தொழிற்பேட்டையில், உடம்பில் வைக்கும் உலோகங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்துக்குப் போனேன். அதை நடத்தும் அம்மா கன்னடக்காரர். சான்றிதழைப் பார்க்கவே இல்லை. என் நகங்களைப் பார்த்தார்.

"பாலிஷிங் பருத்தா?" என்றார். பாலிஷ் போட வருமா என்று.

"பருத்தே மேடம்."

ஒரு துண்டைக் கொடுத்தார். தேய்த்துக் கொடுத்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அங்கே அதற்கு உறை கிடையாது. திங்கட்கிழமை வரச் சொன்னார். ஆக, நான்கு வருடப் படிப்பில் உலகத்துக்குத் தேவைப்பட்டது உப்புத்தாள் பிடிக்கத் தெரிந்த என் கை.

பட்டமளிப்பு விழாவுக்கு நான் போகவில்லை. அன்று என் மேசையில் ஒரு கம்பெனியின் முழங்கால் பாகங்கள் இருந்தன. அவற்றில் இரண்டில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய விரிசல். தேறவில்லை என்று எழுதி அனுப்பினேன். மதியம் அந்தக் கம்பெனியிலிருந்து ஒருவர் போன் செய்தார்.

"மேடம், கொஞ்சம் இன்னொரு தடவ பாருங்களேன்."

"ரெண்டு தடவ பாத்தாச்சு சார்."

"டைரக்டரே ஃபாரின் சர்டிஃபிகேட் எல்லாம் வாங்கியிருக்காரு மேடம்."

"விரிசல் அவருக்குள்ள இருக்குன்னு நான் சொல்லவே இல்ல சார். அந்தப் பீஸ்லதான் இருக்கு."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். போனை மேசைமேல் மல்லாக்க வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனேன்.