வீடு காட்ட வந்தவர்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். தேங்காயை மூன்று தரம் ஆட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். வீட்டைப் பூட்டி பஸ் ஸ்டாப் வரை போனபிறகும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். இந்தக் குணத்துக்குச் சம்பளம் தரும் வேலையும் அமைந்தது. ஊருக்கு நல்லது செய்ததாகச் சொல்லிக்கொள்ளும் திட்டங்கள் நிஜமாகவே செய்தனவா, செய்தது நாலு வருஷமாவது நிற்குமா என்று போய்ப் பார்த்து எழுதவேண்டும். நீடித்த வளர்ச்சி மதிப்பீடு என்று அதற்குப் பெரிய பெயர். இப்போது அந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன்.

போன வருஷம் அம்பத்தூரில் நாலு பேர் வந்தார்கள். யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும் நம்பாதீர்கள் என்று முதல் நாளே சொன்னேன். மூன்று பேர் சிரித்தார்கள். நாலாவது பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். தென்காசிப் பக்கம் ஊர், ஐயப்பன்தாங்கலில் தோழிகளோடு ஒரே அறையில் தங்கியிருந்தாள். எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்கிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகக் கண். பயிற்சியில் தேறினால் வேலை. தேறாவிட்டால் அப்பா வந்து ஊருக்குக் கூட்டிப்போய்விடுவார் என்று அவள் மற்றவர்களிடம் சொன்னதும் என் காதில் விழுந்திருந்தது.

மேனாம்பேட்டில் ஒரு தெருவைக் கொடுத்தேன். அங்கே ஒரு தொண்டு நிறுவனம் வீட்டுக்கு வீடு மழைநீர்க் குழி வெட்டிக் கொடுத்திருந்தது. குழி வந்தபிறகு போர்வெல்லில் தண்ணீர் ஏறியதா, உப்பு குறைந்ததா என்று கேட்டு, டேப் கணினியில் படிவமாகப் பதிந்து வரவேண்டும். எந்த இடத்திலிருந்து பதிந்தார்கள் என்பதையும் அது தானே குறித்துக்கொள்ளும். புது இடத்தில் பிள்ளைகள் அலைவானேன் என்று வீடு காட்ட ஒருவரை நானே ஏற்பாடு செய்தேன். குழி வெட்டும்போது முன்னால் நின்று வேலை வாங்கிய வெள்ளைச் சட்டைக்காரர். தெருவில் அவருக்குத் தெரியாத வீடு கிடையாது. எங்கள் தொழிலில் இது வழக்கம்தான், யாரும் இதில் தப்புப் பார்ப்பதில்லை.

சாயங்காலம் டேப்புகளைப் பார்த்தேன். மூன்று பேருடையதில் எல்லா வீட்டிலும் குழி நன்றாக இருக்கிறது, தண்ணீர் ஏறியிருக்கிறது. ஒவ்வொரு படிவமும் அந்தந்த வீட்டு வாசலில் பதிவாகியிருந்தது. அவளுடையதில் எல்லா வீட்டுக்கும் பிரயோஜனம் இல்லை என்றே பதில். அத்தனை படிவமும் ஒரே இடத்தில், தெருமுனையில் பதிவாகியிருந்தன. அடிப்பாவி, உட்கார்ந்த இடத்திலேயே நிரப்பிவிட்டாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறவர்களை நான் எத்தனை பார்த்திருக்கிறேன்!

சந்தேகப்பட்ட படிவத்தோடு அதே வீட்டுக்குப் போய் மறுபடி கேட்பது எங்கள் முறை. மறுநாள் காலை வெள்ளைச் சட்டைக்காரரைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். முதல் வீட்டு அம்மாளிடம் படிவத்தை வாசித்துக் காட்டி, நீங்கள் சொன்னதா இது என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"நான் ஏம்மா அப்டி சொல்லப்போறேன்? எந்தப் பொண்ணும் வர்ல. குழி சூப்பரா கீது."

போய்க் கேட்ட ஐந்து வீட்டிலும் இதே கதை. அங்கேயே நின்று ஆபீசுக்குப் போன் போட்டு, பயிற்சிப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். உண்மையைச் சொன்னால், கண்டுபிடித்துவிட்டோம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

மற்ற மூவர் எதிரிலேயே அவளை நிறுத்தி, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை. நான் முடிக்கும்வரை நின்றுவிட்டு, "யாரு கூட போனீங்க மேடம்?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.

"அவரு முன்னாலயா வாசிச்சீங்க?"

ஆமாம் என்றேன்.

"அவரு நின்னா எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்லுதாங்க. அதான் அவர விட்டுட்டு, லாரித் தண்ணி பிடிக்கிற எடத்துல போயி உக்காந்து கேட்டேன். யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லித்தான் மேடம் கேட்டேன்."

அன்று மத்தியானமே தனியாகப் போனேன். வாசலில் இருந்த ஒரு குழியின் மூடியைத் தூக்கினேன். ஒரு சாணுக்குக் கீழே களிமண்ணும் கட்டட இடிசலும் பால் கவரும்தான். தண்ணீரை உள்ளே இறக்கவேண்டிய ஜல்லி இல்லை, மணல் இல்லை. அடுத்த மூன்று குழியும் அதே லட்சணம். தெருமுனையில் லாரி நிரப்பிவிட்டுப் போன கருப்புத் தொட்டியைச் சுற்றிக் குடங்கள் வரிசையாக இருந்தன. போர்வெல்லில் தண்ணீர் ஏறிய தெருவில் இத்தனை குடம் எதற்கு? காலையில் அந்த வரிசையைத் தாண்டித்தான் போனேன், வந்தேன். தேங்காயை ஆட்டிப் பார்க்கிற எனக்கு, கூட வந்த ஆளைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. நானே கூட்டிவந்த ஆள் அல்லவா.

ஆபீசுக்குப் போன் போட்டு, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவள் பெயரைத் திரும்பச் சேர்த்தார்கள். மற்ற மூவரின் படிவங்களைத் தூக்கிப் போட்டோம். அந்தத் தெருவை மறுபடி நீயே கேட்டு வா என்று அவளிடம் சொன்னதும் மறுத்துவிட்டாள்.

"இனிமே எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மேடம் அந்த அக்காமாரு முன்னால போவேன்? நீங்களே போய்க் கேளுங்க."

மறுநாள் வெட்கத்தோடு நானே போனேன். முதல் வீட்டு அம்மாள் தொட்டிக் குழாயில் குடத்தை வைத்து நின்றிருந்தாள். தனியாகத்தான் வந்திருக்கிறேன், குழியைத் திறந்து பார்த்துவிட்டேன், நேற்று நான் செய்தது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவள் என் தோளுக்கு இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை.

"குழி நல்லாத்தாம்மா கீது. தண்ணிலாம் நெறைய வருது."

சொல்லிவிட்டு, பாதிகூட நிரம்பாத குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.