மெஷின் சத்தத்துக்கு இறங்கிய மாடுகள்

மகள் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, வண்டன்மேட்டுக்கு மேலே ஒரு மாட்டுப் பண்ணைக்குப் பள்ளியிலிருந்து கூட்டிப்போனார்கள். மாடு தின்னும் புல்வகைகளைப் பார்த்துப் படிக்கவாம். துணைக்கு ஒரு தாய் வரட்டும் என்று டீச்சர் சொன்னதும், ஏலக்காட்டு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நான் ஏறிக்கொண்டேன். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். புல்லைப் படிக்கவா போனேன்? ஜீப் கவிழ்ந்தால் மகளைப் பிடிக்கப் போனேன்.

ஜீப் கவிழவில்லை. சரிவில் மேலே மாடுகள் மேய்ந்தன, கீழே கொட்டகை, நடுவில் பாத்தி பாத்தியாகப் புல். பண்ணைக்காரர் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஆள் உயரத்துக்கு நிற்பது நேப்பியர், அடுத்தது கினி, தரையோடு படர்ந்தது காங்கோ சிக்னல்.

"நம்ம லயத்து வீடுகள்ல போனுக்கே சிக்னல் இல்ல, இங்க புல்லுக்கு இருக்கு பாருல" என்றான் ஒரு பையன். எல்லாரும் சிரித்தார்கள்.

என் கண் மேலேயே இருந்தது. மேய்ச்சல் காட்டின் கேட் திறந்து கிடந்தது.

"சார், அத அடைச்சிருவோமா? கொம்பு மாடெல்லாம் நிக்குது."

"பேடிக்காதீங்கக்கா, பயமே வேண்டாம். சாயங்காலம் புல்லு வெட்டுற மெஷின் ஓடுனாத்தான் அதுக எறங்கும். கூப்பிடவே வேண்டாம், அந்தச் சத்தம் போதும்."

"இந்த அக்கா மழை பெஞ்சாலும் பயப்படும், பெய்யாட்டாலும் பயப்படும்" என்றார் டீச்சர்.

பிள்ளைகள் மெஷினைப் பார்க்கணும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். பண்ணைக்காரரும் குஷியாகக் கொட்டகைக்குள் போய் சுவிட்சைப் போட்டார். இப்போதுதான் சொன்னது அவருக்கே மறந்துவிட்டது.

மேலே எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. பிறகு மண் அதிர்ந்தது. கேட்டில் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு பாய்ந்தன. ஒன்றின் விலாவை இன்னொன்றின் கொம்பு கிழித்தது. டீச்சர் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கிக் கொட்டகையின் குட்டைச் சுவர் மேல் ஏற்றினார். என் மகள் மட்டும் பாத்திக்குள் குனிந்து, நோட்டில் ஒட்டுவதற்குப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி! ஓடியா!"

ஒரு செவலை மாடு அவளை இடித்துச் சாய்த்தது. அதன் பின்னங்கால் அவள் கையில் ஏறி இறங்கியது. எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. மெஷின் இரைச்சலில் அது எப்படிக் கேட்கும் என்பார் வீட்டுக்காரர். கேட்டது. கிடந்த கல்லை எடுத்து மாட்டின் நெற்றியில் அடித்தேன். மறுபடியும் அடித்தேன். அது விலகியதும் அவளை இழுத்துச் சுவரோரம் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டேன்.

மெஷின் நின்றது. பண்ணைக்காரர் இரும்புக் குழாயோடு ஓடிவந்து அந்தச் செவலையின் மூஞ்சியிலேயே போட்டார். மூக்கிலிருந்து ரத்தம் தெறித்தது. ஓடக்கூடத் தெரியாமல் அது நின்றது.

"கொல்லுங்க அத!" என்று கத்தினேன்.

"அடிக்காதீங்க மாமா!" மடியில் கிடந்தவள் அலறினாள். "நீங்கதான மெஷின் போட்டுக் கூப்பிட்டீங்க!"

அவர் இன்னும் ஒரு அடி போட்டுவிட்டுத்தான் நிறுத்தினார். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜீப்புக்கு ஓடினேன். முறிந்த கை என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. அவளோ தலையைத் தூக்கி அந்த மாட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.