தானாக ஏறிய சீட்டு

சுனாமிக்கு அடுத்த கோடையில், மரக்காணத்தில் உப்பு பாக்கெட் போடும் ஷெட்டில் வேலை பார்த்தேன். உள்கிராமத்திலிருந்து தினமும் சைக்கிளில் வருவேன். நான் குள்ளம். அதனால் சின்ன ஃப்ரேம் உள்ள லேடீஸ் சைக்கிளாகத் தேடி வாங்கியிருந்தேன். உட்கார்ந்தபடியே கால் தரையில் ஊன்றும். ஹேண்டில்பார் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். கடற்காற்றை எதிர்த்து மிதித்தாலும் உடம்பு வலித்ததில்லை.

திடீரென்று, வீடு திரும்பும்போது மட்டும் இடுப்பும் கழுத்தும் வலிக்க ஆரம்பித்தன. பார்த்தால் சீட்டு உயர்ந்து, பின்னுக்கும் தள்ளிப்போயிருந்தது. வீட்டுக்காரர் பழையபடி இறக்கி முடுக்கினார். மறுநாள் சாயங்காலம் மறுபடி அதே உயரம்.

"நட்டு லூஸா இருக்கும்," என்றார்.

லூஸான சீட்டு இறங்கும். எப்படி ஏறும்?

யாரோ என் வண்டியை ஓட்டுகிறார்கள். மூட்டை ஏற்றும் ஆட்கள் மீது சந்தேகப்பட்டேன். சிரித்துப் பேசிய சூப்பர்வைசரின் சிரிப்பும் பிடிக்காமல் போயிற்று. சாப்பாட்டுப் பையில் கிடக்கும் சைக்கிள் சாவியை யாருக்கும் சொல்லாமல் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அன்று சாப்பாட்டு நேரம். என் பக்கத்தில் உட்கார்ந்து பாக்கெட் ஒட்டும் பெண், என்னைவிட ஒரு தலை உயரம், என் பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"நீயா?"

"குப்பத்துல என் பொண்ணு இருக்குதுக்கா. அலை வந்ததுலேர்ந்து மதியத்துல என்னப் பாக்காம சோறு துன்ன மாட்டுது. நடந்து போனா நேரத்துக்குத் திரும்ப முடியல."

"சீட்ட ஏன் தூக்கின?"

"உன் வண்டி சின்னதுக்கா. முட்டி ஹேண்டில்ல இடிக்குது. இங்க மூட்ட தைக்கிற மிஷின் ஸ்பேனர்ல ஏத்துவேன். எறக்கத்தான் நேரமிருக்காது."

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா?"

"மாட்டேன்னு சொல்லிட்டா? அப்பறம் எடுக்கவே முடியாதே."

நிஜமாகவே குழந்தைக்காகத்தானா என்றுகூட ஓடியது மனசு. "வா, நானும் வர்றேன்," என்று இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, கேரியரில் ஏறிக்கொண்டேன். அவள் முட்டியை அகட்டி வைத்து மிதித்தாள்.

குப்பத்துத் தெருமுனையில் நின்றிருந்த குழந்தை அம்மாவிடம் ஓடவில்லை. என்னையே முறைத்தது.

"யாரு இது?"

"சைக்கிள்காரங்கடி."

குழந்தை வந்து ஹேண்டில்பாரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டது. நான் சாவியை அதன் அம்மாவிடம் கொடுக்கும்வரை விடவில்லை.