நேசையன் சாரின் மூன்று பாத்திகள்

நேசையன் சார் பல வருஷமாகத் தற்காலிக வாத்தியார்தான். வருஷம் ஒரு பள்ளிக்கூடம் என்று மாற்றி மாற்றி அடித்ததில், மனைவி ஞானசெல்வியும் கைக்குழந்தையும் சிதறாலில் அவள் அப்பா வீட்டிலேயே கிடந்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் மூன்று பேரும் ஒரு கூரையின் கீழ் இருக்க முடியும். கொல்லம் ஆண்டு 1109-ல் நாஞ்சில் நாட்டு வயல்காட்டுக் கிராமம் ஒன்றுக்கு வந்தபோது, ஹெட்மாஸ்டர் வழி காட்டினார். "இன்ஸ்பெக்டருக்குப் பள்ளித் தோட்டம்னா உயிரு. பிள்ளையள கூட்டுச் சேந்து வேல செய்ய வையும். உம்ம வேல உறுதி."

சொல்லுகிறவருக்கு என்ன, சொல்லிவிட்டார். சார் நாலாம் வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்து, குழுவுக்கொரு கத்தரிப் பாத்தி கொடுத்தார். கால்வாயிலிருந்து வரும் ஒரே வாய்க்கால் மூன்றையும் தொட்டுப் போகும். மறுநாளே முதல் பாத்திக்காரன் கணபதியப்பன் வாய்க்காலை மண் வைத்து அடைத்துவிட்டு, அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

"ஏம்ல அடச்ச?"

"நாங்க தலமடையில்லா, சாரே? எங்களுக்குப் பாஞ்ச பெறவுதான் கீழ விடணும். எங்க அப்பா அப்படித்தான் செய்யும்."

கடைசிப் பாத்தித் தாணு சும்மா இருப்பானா? எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து அடைப்பை வெட்டிவிட்டான். நடுப் பாத்தி அபுதாஹிர், தங்கள் வழியாகப் போகிற தண்ணீரில் பாதி தங்களுக்கே என்றான். சட்டை கிழிந்தது, மூக்கு உடைந்தது. அப்பன்மார் வயலில் போடுகிற அத்தனை சண்டையும் கத்தரிச் செடிக்கு வந்து சேர்ந்தது.

சார் கெஞ்சினார், பிரம்பை எடுத்தார். பாத்திகளை மாற்றிக் கொடுத்தும் பார்த்தார். நேற்றுவரை நியாயம் கேட்டு அழுத தாணு, முதல் பாத்தி கைக்கு வந்ததும் மண்ணை வெட்டி வாய்க்காலை அடைத்தான். சாருக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. "என் வேலைக்கு உல வச்சிருவியளே, பாவிகளா!" என்று கத்தாத நாளில்லை. கடைசிப் பாத்தி கருகியே போயிற்று.

இன்ஸ்பெக்டர் வரும் நாள் காலையில் பார்த்தால், மூன்று பாத்தியும் பச்சைப் பசேல் என்று நின்றன. இது எப்படி என்று சார் கேட்பதற்குள் வில்வண்டி வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் முகம் மலர்ந்து, கடைசிப் பாத்திச் செடி ஒன்றைச் செல்லமாக இழுத்தார். வேரில்லாத வெறும் கொப்பு கையோடு வந்தது.

"யார் செய்த வேலை இது?"

இனி ஒருவனை ஒருவன் காட்டிக்கொடுப்பான் என்று சார் கண்ணை மூடிக்கொண்டார். வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது.

"எல்லாரும் சேந்துதான் சாரே" என்றான் கணபதியப்பன். "கொப்பு தாணு வீட்டுது. ஒடிச்சது நான். அபுதாஹிர் நட்டான். மத்தவனுவ வெள்ளம் கோரி ஊத்தினானுவ."

வாத்தியாரே பிள்ளைகளுக்கு ஏமாற்றச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்று ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் வண்டியேறினார். நிரந்தரம் போயிற்று.

சார் பிரம்போடு வந்து நின்றார். "நாசமாப் போவானுவளே! இந்த ஒத்துமைய மொதல்லயே காட்டுனா என்னல?"

"அன்னைக்கு வாய்க்கா வெள்ளத்துக்குச் சண்ட, சாரே" என்றான் அபுதாஹிர். "நேத்துதான் ஒங்க வேல போயிருமேன்னு பேசிக்கிட்டோம்."

பயல்களை அடிக்கக் கை எழவில்லை. ஆத்திரம் தாங்காமல் நேசையன் சார் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார்.